தொட்டிலறையில் ஒரு சிற்றூர்

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது என்றால், மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் வீட்டுக்குள் வந்து சேர்கிறது. குழந்தைக்கு இடம் எங்கே? தில்லியில் நமக்கு இருப்பது இரண்டு அறைகள். மும்பையில் பலருக்கு ஒரே அறை. கொல்கத்தாவில் ஒரு பழைய மாடிவீட்டின் பகுதி. வசதி உள்ளவர்கள் ஓர் அறையையே ஒதுக்குகிறார்கள். மற்றவர்கள் ஒரு மூலையை ஒதுக்குகிறார்கள். அறையோ மூலையோ, அதை அழகுபடுத்த வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த அழகில் நம் ஊரின் சாயல் சிறிதேனும் இருக்கவேண்டும் என்று நாம் விரும்புவதும் இயல்பே.

இக்காலத்தில் நாட்டுப்புற அழகு என்ற பெயரில் சுவரில் ஒட்டும் தாள்களும் திரைச்சீலைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் செந்நிறக் களஞ்சியம் இருக்கும். வெள்ளை வேலி இருக்கும். கம்பளி ஆடு மேயும். அவை அழகானவையே. ஆனால் அவை வேறொரு நாட்டின் நாட்டுப்புறம். அவற்றுக்குப் பதிலாக ஓலைக் குடிசையும் மாட்டுவண்டியும் வரைந்து மாட்டினால் போதுமா என்றால், அதுவும் போதாது. சுவரில் தொங்கும் சிற்றூரைப் பெரியவர்கள் பார்த்து மகிழலாம். குழந்தைக்கு அது ஒரு வண்ணத்தாள் மட்டுமே. சிற்றூரின் பொருள்கள் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் காதுக்கும் எட்டும்போதுதான், அவற்றின் பெயர்களை நாம் சொல்ல அது கேட்கும்போதுதான், அந்த ஊர் அதற்குச் சொந்தமாகிறது. இன்றைய பேச்சில் நாம் கூற விழைவது இதுவே.

இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டுமென்றால், அதை நம் இலக்கியமே வகுத்துத் தந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பாடிய காலந்தொட்டு, பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் நம்மிடையே வழங்கி வருகிறது. பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக எண்ணி, 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை, இரண்டிரண்டு மாத இடைவெளியில் பத்துப் பருவங்களாக அது பாடும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழும் இருபாலாருக்கும் பொது. இறுதி மூன்றும் ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் வரும். குழந்தையின் கண்ணும் நாவும் கையும் காலும் எந்த முறையில் விழித்தெழுகின்றன என்பதை நுணுகிக் கண்டவர்கள் அமைத்த வரிசை அது. அந்த வரிசையிலேயே நம் அறையையும் அமைத்துக்கொள்வோமாக.

முதலில் காப்பு. பிள்ளைத்தமிழில் தெய்வங்களை அழைத்துக் குழந்தையைக் காக்கும்படி வேண்டுவது முதற்பருவம். அறையை அழகுபடுத்துவோரும் காவலிலிருந்தே தொடங்கவேண்டும்.

சுவருக்குப் பூசும் வண்ணத்தை எடுத்துக்கொள்வோம். வண்ணப் பூச்சில் ஈயம் இருந்தால் அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுக்குப் பூசும் வண்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்று 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் புதிதாக வாங்கும் வண்ணத்தின் கலத்தில் ஈய அளவு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்கவேண்டும். பழைய வாடகை வீடுகளில் கதவிலும் சன்னலிலும் பல ஆண்டுகளின் பூச்சு அடுக்கடுக்காக இருக்கும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூள் பறந்து தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குச் செல்லும். அவ்வேலை தேவையானால் குழந்தை பிறக்கும் முன்பே, கருவுற்ற தாய் வீட்டில் இல்லாத நாளில், தக்கவரைக்கொண்டு முடித்துவிடுதல் நலம்.

நாம் வாழும் ஊரின் பருவநிலையும் காவலைச் சேர்ந்ததே. தில்லியின் குளிர்காலத்தில் தெற்கு நோக்கிய சன்னல் உள்ள இடமே குழந்தைக்கு ஏற்றது. அறையை மூடிக்கொண்டு அங்கீட்டியில் கரி மூட்டிவைக்கும் வழக்கம் உயிருக்கே உலைவைக்கும். மணமும் நிறமும் அற்ற நச்சுக்காற்று அதிலிருந்து எழுகிறது. மும்பையின் மழைமாதங்களில் வெளிச்சுவர் ஈரம் வாங்கும். அதை ஒட்டிப் படுக்கையை இடுதல் ஆகாது. சுவரில் படம் மாட்டியிருந்தால் அதன் பின்புறம் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவேண்டும். கொல்கத்தாவில் எந்த அலங்காரத்துக்கும் முந்தியது கொசுவலை.

இனித் தூளி. ஊரின் நினைவு என்றவுடன் நமக்கு முதலில் தோன்றுவது உத்தரத்தில் கட்டிய தாயின் பழைய புடவைதான். அதை விட்டுவிடச் சொல்ல நமக்கு மனம் வராது. விட்டுவிட வேண்டியதும் இல்லை. ஆனால் தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, முகவாய் மார்பில் படிய நேரலாம். அப்போது மூச்சுக்குழல் ஒடுங்கும். குழந்தையை மல்லாத்தி, அமுங்காத சமமான படுக்கையில், தலையணையும் பொம்மையும் பக்கத்தில் இல்லாமல் உறங்கவைக்க வேண்டும் என்பது இன்றைய குழந்தை மருத்துவர்களின் முடிந்த முடிபு. 1990களில் பல நாடுகள் மல்லாத்திப் படுக்கவைக்கும் முறையை மக்களிடையே பரப்பியபின், உறக்கத்தில் திடீரென நேரும் குழந்தைச் சாவுகள் பெரிதும் குறைந்தன. ஆகவே அழுகையை ஆற்றவும் பாட்டுப் பாடவும் தூளி இருக்கட்டும்; அதுவும் நம் கண் எதிரே இருக்கட்டும். உறக்கம் வந்ததும் படுக்கைக்கு மாற்றிவிடுவோம். இன்றைய கான்கிரீட் கூரையில் மின்விசிறிக்கென்று விட்ட கொக்கியை நம்பித் தூளி கட்டுதல் தகாது. குஜராத்தியர் வீடுகளில் ‘கோடியு’ என்றொரு தொட்டில் உண்டு; மரச்சட்டத்தில் துணியைத் தொங்கவிட்டு ஆட்டுவார்கள். நம் தூளிக்கு அது உடன்பிறப்பு. கொக்கி இல்லாத வீட்டில் அத்தகைய சட்டத்தையே நாமும் பயன்படுத்தலாம்.

படுக்கைக்கு விரிப்பு வேண்டும். பிறந்த குழந்தைக்குப் பழந்துணியே உரியது என்று நம் பாட்டிமார் வைத்திருந்த முறையில் நல்ல அறிவு உண்டு. பலமுறை துவைத்த பருத்திப் புடவையும் வேட்டியும் மென்மையானவை, வியர்வையை உறிஞ்சுபவை, சாயம் விடுவதெல்லாம் முன்பே விட்டுத் தீர்ந்தவை. பாட்டியின் புடவை ஒன்றும் தாத்தாவின் வேட்டி ஒன்றும் ஊரிலிருந்து வருமானால் அவற்றைவிடச் சிறந்த அலங்காரம் வேறில்லை. பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் கலை வங்காளத்தில் காந்தா என்றும், மராட்டியத்தில் கோதடி என்றும் வழங்குகிறது. நம் பாட்டியின் புடவையை அடுத்த வீட்டு வங்காளத் தாய் ஓடுதையலிட்டுத் தந்தால், பிறந்த ஊரும் வாழும் ஊரும் ஒரே விரிப்பில் கூடிவிடும். கோடையில் பகல்நேரத்தில் தரையில் விளையாடவிடக் கோரைப்பாய் நல்லது. தாமிரபரணிக் கரையின் பத்தமடையில் நெய்யும் பாய் புகழ்பெற்றது என்பதை நேயர்கள் அறிவார்கள். முனை பிரிந்த பாயில் நார் குத்தும். ஓரங்களுக்குத் துணிக்கரை தைத்துவிடுவது நன்று.

அடுத்தது செங்கீரைப் பருவம். இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டித் தலைநிமிர்த்தி ஆடுகின்ற பருவம். தலை நிமிர்ந்தால் கண் வேலை செய்யத் தொடங்குகிறது. பிறந்த குழந்தையின் பார்வை ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில்தான் ஓரளவு தெளிவாக இருக்கும். பால் கொடுக்கும் தாயின் முகம் இருக்கும் தொலைவு அது. அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் ஃபாண்ட்ஸ் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகளில், வெறும் பரப்பைவிடக் கோடும் கட்டமும் கொண்ட வடிவங்களையே கைக்குழந்தைகள் நெடுநேரம் நோக்குகின்றன என்று காட்டினார். மெல்லிய இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் பெரியவர்களுக்கு இனியவை. குழந்தையின் கண் தேடுவது அழுத்தமான வேறுபாட்டை.

அத்தகைய வடிவம் நம்மிடம் ஒன்று இருக்கிறது. காவியிட்ட தரையில் வெள்ளை மாக்கோலம். ஓரிரு அடி அகலமுள்ள மெல்லிய பலகையில் காவி நிறம் பூசி, அதன்மேல் வெண்ணிறத்தில் புள்ளி வைத்துக் கோலம் எழுதி, குழந்தை பக்கவாட்டில் திரும்பினால் தெரியும்படி சுவரில் உறுதியாகப் பொருத்திவிடலாம். வாடகை வீட்டுச் சுவரும் கெடாது. பலகை படுக்கைக்கு நேர்மேலே இருத்தல் கூடாது. மாதத்துக்கொரு கோலமாக மாற்றிக்கொண்டே வரலாம். மகாராஷ்டிரத்தில் இருப்பவர்களுக்கு வார்லி மக்களின் சித்திரம் அறிமுகமானது. செம்மண் சுவரில் அரிசிமாவால் எழுதும் வெள்ளை உருவங்கள். வங்காளத்தில் ஆல்பனாவும் அரிசிமாக் கோலமே. மாதம் ஒன்றாக இவற்றையும் எழுதிவைத்தால், அரிசியும் செம்மண்ணும் இந்திய நாட்டுப்புறம் முழுவதற்கும் பொது என்பதைக் குழந்தை கண்ணாலேயே பழகிக்கொள்ளும்.

மூன்றாவது பருவம் தால். தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதனால் தாலாட்டு என்று பெயர் வந்தது என்பர். நம் அறையின் தலையாய அலங்காரம் இதுதான் என்று துணிந்து கூறுவோம். இதற்குச் செலவும் இல்லை.

கனடா நாட்டில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இரு அறிஞர்கள் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தியர்களாகிய நமக்கு மிகவும் வேண்டியது. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள டகர, தகர ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை அந்த வேறுபாட்டை எளிதில் அறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதமாகும்போது அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. வீட்டில் கேளாத ஒலியைக் குழந்தையின் காது மெல்ல ஒதுக்கிவிடுகிறது. பிள்ளைத்தமிழ் தாலுக்கு வகுத்த காலம் 7ஆம் மாதம் என்பதை இங்கே நினைவிற்கொள்வோம்.

நம் குழந்தைகளின் நிலையை எண்ணிப் பார்ப்போம். வெளியே அவர்கள் கேட்கப்போவது இந்தியோ மராத்தியோ வங்காளமோ. பள்ளி சென்றால் ஆங்கிலம். அவற்றை எல்லாம் அவர்கள் நன்றாகக் கற்கவேண்டும், கற்பார்கள். ஆனால் ழகரத்துக்கும் ளகரத்துக்கும், றகரத்துக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் கேட்கக்கூடிய இடம் இந்த ஒரு மூலைதான். பிந்திக் கற்கும் தமிழும் தமிழே. எனினும் தொட்டிலில் கேட்ட ஒலி எளிதாக நாவில் ஏறும்.

தாலாட்டு மற்றொரு தொண்டும் செய்கிறது. யார் அடித்து அழுகிறாய் என்று கேட்டுக்கொண்டே அது அத்தையையும் மாமனையும் பாட்டியையும் ஒவ்வொருவராக அழைத்து வரும். ஊரில் வளரும் பிள்ளைக்கு அவர்கள் கூடத்திலேயே இருக்கிறார்கள். நம் பிள்ளைக்கோ பாட்டில்தான் இருக்கிறார்கள். தாய்மாமன் என்ற சொல்லை ஓராண்டு நாள்தோறும் கேட்ட குழந்தைக்கு, ரயிலை விட்டு இறங்கியதும் தூக்க வருகின்ற மாமன் முற்றிலும் அயலாராகத் தோன்ற மாட்டார். தாய்க்குப் பாடத் தெரியாவிட்டால் தந்தை பாடலாம். ராகம் தவறினும் குற்றமில்லை. ஊரில் உள்ள பாட்டி தொலைபேசியில் பாடினாலும் நன்றே. ஆனால் ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. பாட்டியின் குரலைக் காதால் கேட்டாலே போதும்.

சப்பாணியும் முத்தமும் கையும் வாயும் விழிக்கும் பருவங்கள். கை தட்டும், கையில் எடுத்ததை வாயில் வைக்கும். இப்போதுதான் விளையாட்டுப் பொருள்கள் அறைக்குள் வரவேண்டும். பனையோலைக் கிலுகிலுப்பை, கடைந்தெடுத்த மரக் கிலுகிலுப்பை, மரப்பாச்சி ஆகியவை நம் ஊர்ச் செல்வங்கள். மரப்பாச்சிக்குரிய செம்மரம் அருகிப்போய், 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இன்று வேறு மரத்தில் செய்து சாயமேற்றியும் விற்கிறார்கள். ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் வருகிறதா என்று பார்த்து வாங்குக. பெங்களூருக்கு அருகேயுள்ள சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றுகிறார்கள். வாரணாசியிலும் அரக்கு மெருகிட்ட மரப்பொம்மைகள் உண்டு. நாம் வாழும் இடத்துக்கு எது அண்மையோ அதை வாங்கலாம்.

2021 சனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆதலின் கைவினைப் பொருளில் முத்திரை இல்லை என்று அஞ்சவேண்டாம்; அதைச் சோதிக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. வாய்க்குள் முழுதும் அடங்கும் எந்தப் பொருளும் கைக்குழந்தைக்கு ஆகாது. சொப்புச் சாமான்களும் பல்லாங்குழிச் சோழிகளும் இப்போது பெட்டிக்குள் இருக்கட்டும். ஓலைக் கிலுகிலுப்பை பிரிந்தால் உள்ளேயிருக்கும் மணிகள் சிதறும். பழையதானவுடன் எறிந்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் எக்காலத்தும் இந்த அறையில் சேர்க்கலாகாது. அது குன்றிமணி. செம்மையும் கருமையும் கலந்த அதன் அழகில் மயங்கிப் பலர் அலங்காரத்துக்கு வைக்கிறார்கள். அது கொடிய நஞ்சுடையது. கடித்து உடைத்தால் உயிருக்கு ஆபத்து.

வருகைப் பருவம் வந்ததும் குழந்தை எழுந்து நடக்க முயலும். அதற்கு நம் மூன்று சக்கர நடைவண்டியைவிட ஏற்றது வேறு இல்லை. குழந்தையை நடுவில் உட்காரவைத்து உருண்டோடச் செய்யும் வட்டவண்டியோடு இதை மயங்குதல் கூடாது. வட்டவண்டியில் குழந்தை படிக்கட்டிலும் அடுப்பருகிலும் நொடியில் சென்றுவிடும். அதனால் கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. நடைவண்டியையோ குழந்தை தானே எழுந்து, தானே பிடித்து, தன் வேகத்தில் தள்ளுகிறது. மெருகிட்ட வழுக்குத் தரையில் அது முன்னே ஓடிவிடும். ஆதலின் பாய்மீது நடக்கவிட்டு, நாமும் உடன் இருப்போமாக. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டியதாகப் பட்டினப்பாலை கூறுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்தத் தெருவிலிருந்து நம் நடைவண்டி வெகுதூரம் வந்துவிடவில்லை.

அம்புலிப் பருவத்துக்குச் சன்னல் வேண்டும். ஏழாவது மாடியில் குடியிருப்போர்க்கு நிலவு இன்னும் அண்மையில்தான் இருக்கிறது! கம்பி உறுதியாக இருக்கட்டும். ஏறிச்செல்ல உதவும் நாற்காலியோ பெட்டியோ சன்னலருகே இல்லாதிருக்கட்டும். மாலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டிப் பேசுவோம். காக்கையும் அணிலும் புறாவும் எல்லா ஊரிலும் உண்டு. அவற்றுக்குத் தமிழிலும் பெயர் சொல்வோம். பக்கத்து வீட்டார் தம் மொழியில் சொல்லும் பெயரையும் குழந்தை கேட்டுக்கொள்ளட்டும். இரண்டு பெயர் அறிந்த குழந்தைக்கு ஒரு பெயரும் மறந்துபோவதில்லை, இரண்டையும் நாள்தோறும் கேட்குமாயின்.

பின்வரும் பருவங்களில் வீடு கட்டி விளையாடுவதும், பறை கொட்டுவதும், தேர் உருட்டுவதும், ஊஞ்சலாடுவதும் வரும். அப்போது அறையில் தாழ்வான ஒரு தட்டு வேண்டும். குழந்தை தானே எடுத்துத் தானே வைக்கும் உயரத்தில் அது அமையட்டும். ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று பழைய நூல் பிரித்ததை நாம் பின்பற்றவேண்டியதில்லை. பையனும் ஊஞ்சலாடட்டும், பெண்ணும் தேர் உருட்டட்டும்.

நேயர்களே, இவற்றைக் கூட்டிப் பார்த்தால் நாம் கேட்டது பெருஞ்செலவன்று. ஒரு பழம்புடவை விரிப்பு, ஒரு பாய், காவிப் பலகை ஒன்று, இரண்டு மரப்பொருள்கள், ஒரு நடைவண்டி, ஒரு சன்னல். தாராவியில் ஒற்றை அறையில் வாழும் குடும்பத்துக்கும் இவற்றுள் பல கைகூடும். எஞ்சியது நாள்தோறும் நாம் செலவிட வேண்டிய அரைமணி நேரம். பாயைப் பாய் என்றும் நிலாவை நிலா என்றும் சொல்லிப் பாடும் நேரம். வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்கும் தந்தைக்கும் அதுவே கடினம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்த நேரத்தை ஒதுக்கத் தவறினால், எத்தனை அழகிய பொருள்களை வரவழைத்தாலும் அவை பெயரற்ற பொருள்களாகவே நிற்கும்.

வெளியூர்களில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் அந்தந்த ஊரின் நல்ல குடிமக்களாகத் திகழட்டும். கோடை விடுமுறையில் தாத்தாவின் ஊருக்குச் செல்லும்போது, திண்ணையில் விரித்த பாயையும் வாசலில் இட்ட கோலத்தையும் கண்டு, இவை நம் வீட்டிலும் உள்ளவைதாமே என்று அவர்கள் கூறட்டும். அதற்கு வேண்டுவன எல்லாம் தொட்டிலறையிலேயே தொடங்கட்டும்.